கொம்பு ஊதிய ஊர், கேமரா மாட்டிய தெரு

இரவு பத்து மணியை நெருங்கும்போது திண்டுக்கல் ரத வீதிகளில் ஷட்டர்கள் இறங்கத் தொடங்குகின்றன. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று ஒவ்வொன்றாக இரும்புச் சத்தம் தெருவைக் கடந்து போகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பூட்டு, நடுவில் சென்டர் லாக். சாவியை இடுப்பில் செருகிய பிறகும் கடைக்காரர் உடனே கிளம்புவதில்லை. குனிந்து, பூட்டைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பியும் ஒருமுறை பார்க்கிறார்.

பூட்டுக்குப் பேர்போன ஊர் இது. நாகல் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கையால் அராவி, லீவர் அடுக்கிச் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் கதவுக்கும் கிட்டங்கிக்கும் இங்கிருந்து பூட்டு போன காலம் உண்டு. ஆனால் இன்று இந்த வீதியில் தொங்கும் பூட்டுகளில் பல, வெளியூர் ஆலையில் வார்த்து வந்தவை. அலிகார் பூட்டின் விலைக்கு முன்னால் கைவேலை நிற்க முடியவில்லை. அது தனியே எழுத வேண்டிய துயரம்.

இந்தக் கட்டுரை பூட்டுக்கு அப்பால் உள்ளதைப் பற்றியது. கடைக்காரர் வீட்டுக்குப் போன பிறகு தெருவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ‘போலீஸ்’ என்று ஒரு பதில் வரும். ‘கேமரா’ என்று இன்னொன்று வரும். சங்கத்தில் பணம் போட்டு ஆள் வைத்திருக்கிறோம் என்பார்கள் சிலர். மூன்றுமே உண்மைதான். ஆனால் ஊரே கூடிக் காவல் காப்பது என்ற யோசனையைத் திண்டுக்கல் சீமை 130 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. அது எப்படித் தொடங்கி எங்கே போய் முடிந்தது என்பது, இன்று கேமராவுக்கு வசூல் செய்யும் ஒவ்வொரு சங்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை.

பண்டு

1896. இந்தச் சமவெளியில் அன்று சொத்து என்றால் மாடு. உழவுக்கு மாடு, கமலைக்கு மாடு, வண்டிக்கு மாடு. ஒரு ஜோடி காளை போனால் ஒரு குடும்பத்தின் வெள்ளாமையே போயிற்று. ஊர்க்காவல் அப்போது ‘காவல்காரர்’ கையில் இருந்தது. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தின் பல ஊர்களில் அந்தப் பொறுப்பு கள்ளர் சமூகத்தாருடையது. ஊர்க்காரர்கள் அறுப்பில் ஒரு பங்கைக் காவல் கூலியாகக் கொடுப்பார்கள். திருட்டுப் போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடுகட்ட வேண்டும். போன மாட்டை மீட்டுக் கொடுக்கத் ‘துப்புக்கூலி’ என்று ஒரு தொகையும் உண்டு.

இந்த முறை கும்பினி வருவதற்கு வெகுகாலம் முந்தையது. பாளையக்காரர்களும் நாட்டுத் தலைவர்களும் அதற்கு மேல் நின்று கணக்குக் கேட்ட காலத்தில் அதற்கு ஒரு கட்டு இருந்தது. பாளையங்களை ஒடுக்கிய ஆங்கிலேயர் அந்த மேல்கட்டை அறுத்தார்கள். 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஊர்க்காவலைக் கிராம அதிகாரிகளின் கீழ் கொண்டுவந்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது. சட்டப்படி காவல்காரருக்கு இடமே இல்லாமல் போனது. ஆனால் போலீஸ் நிலையம் பல மைல் தள்ளி இருந்தது, மாடோ தொழுவத்தில் நின்றது. அதனால் பழைய காவல் ஒழியவும் இல்லை, அதைக் கேட்க ஆளும் இல்லை. கூலி கொடுத்த ஊரில் மாடு பத்திரமாக இருந்தது. கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போனது. இந்தக் கூலியைத்தான் ஆங்கிலேயர் தம் ஆவணங்களில் மிரட்டிப் பறிக்கும் பணம் என்று எழுதினார்கள். இருபுறமும் நியாயம் இருந்த பிணக்கு அது என்றே நான் நினைக்கிறேன். பரம்பரையாக வந்த வாழ்வாதாரத்தைச் சட்டம் ஒரே வரியில் பிடுங்கிக்கொண்டது ஒரு பக்கம். மாட்டைக் காக்கவும் கூலி, மீட்கவும் கூலி என்று அழுத உழவர் மறுபக்கம்.

1896இல் திண்டுக்கல் வட்டத்தில் அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்று ஒரு இயக்கம் தொடங்கியது. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியர் அதை விரிவாகப் பேசுகிறது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். பழைய காவல்காரரை விலக்கிவிட்டுத் தாங்களே காவலுக்கு ஆள் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு வசூலித்து ஒரு பொது நிதி சேர்த்தார்கள். யாருக்காவது மாடு திருட்டுப் போனால் அந்த நிதியிலிருந்து ஈடு. ‘ஃபண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் ஊர் வாயில் ‘பண்டு’ ஆனது. பிறகு இயக்கத்துக்கே அதுதான் பெயர். ஊருக்கு ஊர் கொம்பு வைத்திருந்தார்கள். ஓர் ஊரில் மாடு போனால் கொம்பு ஊதும், கேட்ட ஊர் அதை வாங்கி ஊதும், ஆண்கள் தடி எடுத்துக்கொண்டு தடம் பிடித்து ஓட வேண்டும்.

நிதி, காவல், எச்சரிக்கை ஒலி, துரத்தும் கூட்டம். இன்றைய கடைவீதிச் சங்கம் வைத்திருக்கும் அத்தனையும் அதில் இருக்கிறது. சந்தா இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, அலாரம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழுவும் கொம்பு வடிவில் இருக்கிறது. படிக்கும்போது முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மேலே படித்தபோது அது நீடிக்கவில்லை.

இயக்கம் பழனி, பெரியகுளம் பக்கமும் பரவியது. காவல்காரரை விலக்குவதோடு அது நிற்கவில்லை. காவல் வேலைக்கே போகாத கள்ளர் குடும்பங்களையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னது. நூற்றுக்கணக்கான ஊர்களில் இந்த வெளியேற்றம் நடந்தது. நிலம் வைத்து உழுது பிழைத்தவர்கள் அதை விற்றும் விட்டும் கிளம்ப நேர்ந்தது. தீவைப்பு நடந்தது, கலகம் மூண்டது, இருதரப்பும் அடிபட்டது. திருட்டுக்கு எதிராகத் தொடங்கிய ஒன்று, சில மாதங்களுக்குள் ஒரு சாதிக்கு எதிரானதாகிவிட்டது. மாடு திருடிய கை எது என்று தேடும் வேலை நின்று, எந்தக் குடியில் பிறந்தவன் என்று கேட்கும் வேலை தொடங்கியது.

அரசாங்கம் பின்னால் அதே கேள்வியைச் சட்டமாக எழுதிக்கொண்டது. 1911ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம், 1914இல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடி கள்ளர்கள்மேல் பாய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதற்கும் விரிந்தது. மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். வயது வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மணமான முதல் இரவும் சாவடியில் கழித்தவர்களின் கதைகளை உசிலம்பட்டிப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துக் கூடிய மக்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்தக் காலத்தின் மிச்சம்.

வணிகர்கள் தங்கள் காவலைத் தாங்களே பார்த்துக்கொள்வது இந்த மண்ணுக்கு 1896க்கும் வெகு முந்தைய பழக்கம். சோழர் காலத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு தனக்கென்று வீரர்களை வைத்திருந்தது. அவர்கள் காத்த வணிக ஊர்களுக்கு எறிவீரப்பட்டினம் என்று பெயர். நத்தம் பக்கம் சமுத்திராப்பட்டியில் அந்த வணிகர்களின் கல்வெட்டு இருக்கிறது. ஆக, ‘கடைவீதியே கடைவீதியைக் காப்பது’ புதுமை அல்ல. அந்தக் காவல் யாருக்குப் பதில் சொல்கிறது என்பதுதான் எல்லாக் காலத்திலும் எழும் கேள்வி.

கேமரா எதைப் பார்க்கிறது

கொம்பு போய் விசில் வந்தது. இரவில் விசில் ஊதி, தடியால் தரையைத் தட்டிக்கொண்டு போகும் கூர்க்காவைப் பார்க்காத கடைவீதி தமிழ்நாட்டில் இல்லை. மாதம் பிறந்தால் ஒவ்வொரு கடைப் படியிலும் சலாம் போட்டு நின்று ஐம்பதோ நூறோ வாங்கிப் போவார். அவர் பெயர் என்ன, சொந்த ஊர் எது, காய்ச்சல் வந்தால் எங்கே படுக்கிறார் என்று கடைக்காரர்களைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. இத்தனை லட்சம் ரூபாய்ச் சரக்கை அந்த மனிதரை நம்பி விட்டுப் போகிறோம்.

போலீஸ் பக்கத்தில் பட்டா புத்தகம் இருந்தது. நகைக்கடை, வங்கி வாசலில் ஒரு நோட்டு தொங்கும். ரோந்து வரும் காவலர் நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். பல நகரங்களில் அந்த இடத்துக்குச் செல்போனில் ஸ்கேன் செய்யும் முறை வந்துவிட்டது. எனக்கு அந்த நோட்டின்மேல் ஒரு பிரியம் உண்டு. நேற்று இரவு இரண்டு மணிக்கு யாராவது வந்தார்களா என்பதைக் கடைக்காரர் தன் கண்ணால் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஸ்கேன் செய்த விவரம் அவர் கண்ணுக்கு வருவதில்லை.

இப்போது கேமரா. சென்னையில் 2017க்குப் பிறகு, ஆணையர் ஏ.கே. விஸ்வநாதன் காலத்தில், ‘மூன்றாவது கண்’ திட்டம் வந்து வணிகர்களும் குடியிருப்போரும் பணம் போட்டுத் தெருவெல்லாம் கேமரா மாட்டினார்கள். மற்ற ஊர்களும் அந்த வழியில் நடந்தன. கடைவீதிக் கேமராக்களில் பெரும்பகுதி கடைக்காரர் காசில் வந்தவை. பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். உலகெங்கும் 40 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த ஒரு மதிப்பீடு, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. வாகன நிறுத்தங்களில் பலன் அதிகம். கேமராவை ஆள் உட்கார்ந்து பார்த்து உடனே நடவடிக்கை எடுக்கும் இடங்களிலும் அதிகம். மாட்டிவிட்டு மறந்த இடங்களில் அப்படி இல்லை.

நம் கடைவீதியில் மாட்டிவிட்டு மறப்பதுதான் நடக்கிறது. திருட்டு நடந்த காலையில் டி.வி.ஆர் பெட்டியைத் திறந்தால் அதன் கடிகாரம் ஏழு மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கேமரா முகம் கல்லாவைப் பார்த்திருக்கும், தெருவைப் பார்த்திருக்காது. தெரு பார்க்கும் ஒன்றை ஆடித் தள்ளுபடி பேனர் மறைத்திருக்கும். பின்சந்தில் ஒன்றும் இருக்காது. ஆனால் கடப்பாரையோடு வருகிறவன் பின்சந்து வழியாகத்தான் வருவான். பதிவு 15 நாள் நிற்கும் என்று விற்றவர் சொல்லியிருப்பார். புதிதாக நாலு கேமரா சேர்த்ததில் அது ஐந்து நாளாகியிருக்கும்.

கேமரா விஷயத்தில் நான் மறக்கவே முடியாத ஊர் சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் செல்போன் கடை நடத்திய தந்தை, மகன் இருவரையும் போலீஸ் பிடித்து வைத்தது. சில நாளில் இருவரும் இறந்தார்கள். கடை வாசலில் அவர்கள் தரையில் உருண்டு தகராறு செய்ததாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடைக் கேமராவில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. காவல் நிலையத்துக்குள்ளும் கேமரா இருந்தது. அதன் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் கண்டார். திருடனைப் பிடிக்க வணிகர் மாட்டிய கேமரா அந்த இரு வணிகர்களுக்காகச் சாட்சி சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வழியில்லாத இடத்தில் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாத்தான்குளம் சம்பவத்தோடு இன்னொரு பெயரும் அடிபட்டது: ‘போலீஸ் நண்பர்கள் குழு’. 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய இயக்கம் அது. பொதுமக்களில் விருப்பமுள்ளவர்கள் ரோந்துக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் உதவ வேண்டும், போலீசுக்கும் மக்களுக்கும் இடையே உள்ள பயம் விலக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். மாநிலம் முழுக்கப் பரவியது. ஆனால் 27 ஆண்டுகளில், யார் சேர்க்கிறார்கள், யார் தட்டிக்கேட்கிறார்கள் என்ற கட்டு பல இடங்களில் தளர்ந்துபோனது. வாகனச் சோதனையில் லத்தி பிடித்து நிற்கும் இளைஞன் யார் என்றே கேட்க முடியாத நிலை வந்தது. 2020 ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. சீருடை இல்லாத கைக்கு அதிகாரம் கொடுத்து, கணக்குக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1896க்குப் பிறகு மீண்டும் ஒருமுறை பார்த்தோம். இதற்குப் பதிலாக, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் ஊர்க்காவல் படை இருக்கிறது. பயிற்சி உண்டு, சீருடை உண்டு, பெயர்ப் பட்டியல் உண்டு. கடைவீதி இளைஞர்களுக்குக் காவலில் ஆர்வம் இருந்தால் அதில் சேரட்டும்.

பிடிபட்டவன்

சங்கக் கூட்டங்களில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. திருடன் பிடிபட்டுவிட்டால் என்ன செய்வது?

2018 பிப்ரவரி 22. அட்டப்பாடி, பாலக்காடு மாவட்டம். கடையில் அரிசி எடுத்தார் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். கைகளைக் கட்டி அடித்தார்கள். பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். போலீஸ் வண்டியில் போகும் வழியில் அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 13 பேருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல். அடித்தவர்களில் யாரும் கூலிப்படை இல்லை. அந்த வட்டாரத்தில் கடை வைத்திருந்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும்தான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடப் போன சென்னைக் குடும்பம் ஒன்றைக் குழந்தை கடத்துகிறவர்கள் என்று சொல்லி ஊரே அடித்தது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது அம்மா இறந்தார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பொய்ச் செய்திதான் காரணம். கொம்பு ஊதினால் தடியோடு ஓடும் பழக்கம் எங்கும் போய்விடவில்லை.

பண்டிகைக் கூட்டத்தில் ஜேப்படி செய்தான் என்று ஒரு பையனைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து ஆளுக்கு ஒரு அறை கொடுப்பதை நான் ஒரு கடைவீதியில் பார்த்திருக்கிறேன். அடித்தவர்கள் அன்றாடம் நான் வணக்கம் சொல்கிறவர்கள். தடுக்கப் போன என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் படுகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவுப்படி, தன் கண்ணெதிரே பிணையில் விடமுடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் பொதுமக்களில் ஒருவர் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். பிடிப்பதற்கு அனுமதி இருக்கிறது. அடிப்பதற்கு, கட்டிவைப்பதற்கு, படம் எடுத்துப் பரப்புவதற்கு இல்லை. சந்தேகத்தின் பேரில் பிடிப்பதற்கும் இல்லை.

சந்தேகம் யார்மேல் முதலில் விழுகிறது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். மூட்டை தூக்கும் வடநாட்டுப் பையன், ஊசி பாசி விற்கும் நரிக்குறவப் பெண், குப்பை பொறுக்கும் சிறுவன். இவர்கள் கடை முன்னால் பத்து நிமிடம் நின்றால் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடுகிறது. அவர்கள் படத்தைப் போட்டு ‘கவனம்’ என்று எழுதும் விரலுக்கும், அன்று குடியைக் கேட்டு ஊரைவிட்டு விரட்டிய கைக்கும் தூரம் அதிகமில்லை. இதற்கிடையே உண்மையான களவு வேறு வாசல் வழியாக வருகிறது. கடையின் க்யூஆர் அட்டைமேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவன் நன்றாக உடுத்திக்கொண்டு வருகிறான். பணம் போனதாகப் பொய்யான திரையைக் காட்டிச் சரக்கை வாங்கிப் போகிறவனும் அப்படித்தான். தினம் கடை திறந்ததும் அட்டையைத் தடவிப் பார்ப்பதும், பணம் போனால் உடனே 1930க்கு அழைப்பதும் எட்டுக் கேமராவை விடப் பயன் தரும்.

சாவி எந்தக் கடையில்

ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1961இல் நகரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தெருவைக் காப்பவை போலீசுக்கு முன்னால் தெருவின் கண்கள்தான் என்றார். அவர் தந்த சான்றுகளில் எனக்குப் பிடித்தது நியூயார்க்கில் அவர் குடியிருந்த தெருவின் தின்பண்டக்கடை. ஊருக்குப் போகிறவர்கள், விருந்தாளியை எதிர்பார்ப்பவர்கள், வீட்டுச் சாவியை அந்தக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். நமக்குப் புதிதா இது? ‘அண்ணே, தம்பி வந்தா சாவியக் குடுத்துருங்க’ என்று பெட்டிக்கடையில் சொல்லிவிட்டுப் போகும் ஊர்தானே நம்முடையது. அந்தப் பெட்டிக்கடை, விடியற்காலை பால் கொதிக்கும் டீக்கடை, பூ மார்க்கெட்டுக்கு மூன்று மணிக்கே மூட்டையோடு வரும் நிலக்கோட்டை வண்டிகள், நடைபாதையில் இட்லி விற்கும் அக்கா. இவர்கள்தான் இரவுக் கடைவீதியின் கண்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று முதலில் அப்புறப்படுத்தப்படுகிறவர்களும் இவர்களே. 2019இல் தமிழக அரசு 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்தது. ஒரு வீதியில் இரண்டு மருந்துக்கடையும் ஒரு டீக்கடையும் இரவு முழுக்க விளக்கெரித்தால், ஜவுளிக்கடை வேலை முடிந்து பத்தரை மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு நடக்கும் பெண் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய காவல்.

கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு வேறு ஆட்களிடம். இருவரும் கூடி நின்றால்தான் திறக்கும். தெருக் காவலிலும் ஒரு சாவி போலீசிடமும் ஒன்று வீதியிடமும் இருக்கட்டும்.

திண்டுக்கல் வணிகர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முன்னால் நீங்கள் கூடிக் காவல் ஏற்பாடு பேசும்போது, கேமராவுக்கு எவ்வளவு என்பதற்கு முன்பாக இவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இரவுக் காவலரின் பெயர், அவருடைய மாதச் சம்பளம், அவர் மழைக்கு ஒதுங்கும் இடம். வசூலித்த பணத்தின் கணக்கு, எந்தக் கடைக்காரரும் வந்து பார்க்கும்படி. பதிவை யார் எடுத்துத் தரலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்பது. எரியாத தெருவிளக்குகளின் எண்ணிக்கை. பிடிபட்டவர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது, 112க்கு அழைத்துவிட்டு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்க வேண்டும் என்ற ஒரு வரி. அதன் கீழே எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.